பிளக் பிடுங்கிய ஃபிரிட்ஜ்

பிளக்கைப் பிடுங்கி ஒரு வாரமாகியும் ஃபிரிட்ஜுக்குள் குளிர் குறையவில்லை. சோடா உப்புத் தண்ணீரில் நனைத்த துணியோடு உள்ளே கை விட்ட லின்சிக்கு விரல் மரத்துப்போனது.

மதுக்கரை வீட்டில் பெரிய பிளக் பாயின்ட் ஃபிரிட்ஜுக்கானது ஒன்றுதான். மாமியார் கிருபாவதி இறந்தபோது, லின்சியின் கணவன் ஜெஃபின் துபாயிலிருந்து வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வயரை அங்கேதான் சொருகினார்கள். அடக்கம் முடிந்தும் அடுப்பு மூட்டாத வீட்டில் ஃபிரிட்ஜை யாரும் நினைக்கவில்லை. உள்ளே மீன் குழம்பும் இட்லி மாவும் ஊசிப்போய் நாறியிருக்க வேண்டும். நாறவில்லை. சாம்பிராணியும் வாடிய ரோஜாவும் கலந்த வாசனைதான் குப்பென்று அடித்தது.

அத்தைக்குக் குளிர் ஆகவே ஆகாது. சித்திரை வெயிலிலும், "ஃபேனை நிறுத்திப்போடு கண்ணு, குளுருது" என்பார். அவரைப் பெட்டியில் கிடத்தி, விரல்களில் நீலமணி ஜெபமாலையைச் சுற்றியவள் லின்சிதான். மறுநாள் பெட்டியின் கண்ணாடி மூடியில், சரியாக வாய்க்கு நேரே, ஆவி படிந்திருந்தது. துடைத்தாள். போகவில்லை. அது உட்பக்கம் இருந்தது.

பெட்டிக்காரர் ஐயாசாமியிடம் சொன்னாள்.

"ஐஸ் பொட்டின்னா ஆவி படியத்தானுங்க அம்மணி செய்யும்."

வந்து இறங்கிய ஜெஃபினோ, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் வாயை அடைத்துவிட்டான். ஆனால் நாடி பார்த்தது டாக்டர் அல்ல, தெருமுனை கம்பவுண்டர். அத்தை அப்போது நிஜமாகவே செத்துத்தான் இருந்தாரா? அடக்கம் ஆன நாளிலிருந்து அந்த ஒரு கேள்வி லின்சியைத் தூங்க விடவில்லை.

இன்று ஜெஃபின் பூசைக்குச் சொல்லிவரக் கோயிலுக்குப் போயிருந்தான். மத்தியான வெயில் சமையலறைக்குள் வரை அடித்தது. காய்கறி டிரேயைக் கழுவி முற்றத்தில் காயவைத்துவிட்டு, அது இருந்த இடத்தை மூடியிருந்த கண்ணாடித் தட்டைத் துடைக்கக் குனிந்தாள்.

கண்ணாடியில் கையளவு ஆவி.

துடைத்தாள். போகவில்லை.

ஈரம்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆவி சுருங்கியது. மறுபடி படர்ந்தது. சுருங்கியது. தூங்குகிறவர்களின் மூச்சு இப்படித்தான் வந்து போகும்.

பிளக்கைப் பார்த்தாள். தரையில் கிடந்தது.

ஓடிவிடலாம். ஆனால் போன முறை மூடியைத் திறக்காமல் விட்டோமே என்ற நினைப்பு விடவில்லை.

"அத்தை..."

கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

அடியிலிருந்து ஒரு கை அவள் கையைப் பற்றியது. விரல்களில் நீலமணி ஜெபமாலை.

கை சூடாக இருந்தது.