திருத்தத்தின் எடை

குக்கர் முதல் விசில் அடிக்கும் நேரத்தில்தான் சுவர் பேசும்.

"வணக்கம், திருமாறன். உங்கள் மனைவி டாக்டர் வான்மதியின் செல்வாக்கு நேற்றும் உயர்ந்திருக்கிறது. வாழ்த்துகள்."

இறந்த ஆய்வாளர்களின் செல்வாக்கை வாரிசுக்குத் தினமும் அறிவிப்பது விதி. அணைக்க முடியாது. திருமாறன் அடுப்பை அணைத்தான். ஒரு ஆளுக்கான அரிசி அவன் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்றும் கூடிவிட்டது.

"எந்தக் கட்டுரைக்கு?" என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்பது இதுவே முதல் முறை.

"அவருடைய திருத்தத்துக்கு முதல் மேற்கோள் கிடைத்துள்ளது."

சாப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

ஆய்வுக் கட்டுரைகளை மனிதர்கள் படிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. எடைமானி என்ற இயந்திரம் படிக்கிறது. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்து எடை போடுகிறது. எடை கூடிய கட்டுரை சொல்வதே சிகிச்சை. மருந்து பம்பின் பூட்டு அதன் வசம். டாக்டர்கள் ஆறுதல் மட்டும் சொல்லலாம்.

கணையப் புற்றுநோய்க்கான ஒரு மருந்தின் அளவை நிர்ணயித்தது வான்மதியின் முதல் கட்டுரை. உலகமே அதை மேற்கோள் காட்டியது. பிறகு அவளே அதில் பிழை கண்டாள்: அந்த அளவு சிலருடைய ஈரலைக் கெடுத்துவிடும். அவ்வளவு எடையுள்ள கட்டுரையை எழுதியவரே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. திருத்தம் வெளியிட்டாள். ஒருவரும் சீண்டவில்லை. போன வருஷம் அதே நோய் அவளுக்கு வந்தது. அவள் ஈரலும் அந்தச் சிலருடைய ரகம்.

"அந்த அளவு தப்பு. எழுதினதே நான்தான்," என்று கட்டிலில் படுத்தபடி சொன்னாள்.

"நோயாளியின் கூற்று சான்றாகாது. டாக்டர் வான்மதியின் கட்டுரையே அதிக எடை கொண்டது," என்றது எடைமானி.

அவள் சிரித்தாள். "பாத்தியா மாறா, என் பேச்சை நானே எடுபட விடமாட்டேங்கறேன்."

ஒன்று அந்த அளவு, இல்லையென்றால் மருந்தே கிடையாது. புற்றுநோய் கொல்வதற்குள் ஈரல் போய்விட்டது.

திருமாறன் பாலம் கட்டும் பொறியாளன். போன வாரம் கான்கிரீட் விரிசல் பற்றி ஒரு கட்டுரை எழுதி, நடுவே அவளுடைய திருத்தத்தை மேற்கோளாகச் செருகிவிட்டான்.

வார்டு வாசலில் லியாகத் நின்றிருந்தார். வான்மதியோடு படித்த டாக்டர்.

"கான்கிரீட்டுக்கும் கணையத்துக்கும் என்ன மாறன் சம்பந்தம்?"

"ரெண்டையும் யாரும் உள்ள போய்ப் பாக்கறதில்ல. எடை ஏறிடுச்சுல்ல?"

லியாகத் சிரிக்கவில்லை. "ஏறுச்சு. ஆனா அது வான்மதி பேர்ல சேரும். அவ செல்வாக்கு கூடினா அவ எழுதினது எல்லாமே கூடும். திருத்தம் ஒரு பிடி ஏறுச்சு. பழசு ஒரு மூட்டை ஏறிடுச்சு."

"நீங்க எழுதுங்களேன், அது தப்புன்னு."

"நான் எழுதினதெல்லாம் அந்தப் பழசு மேலதான் நிக்குது. அதைத் தட்டினா அப்புறம் இந்த வார்டுக்குள்ளயே என்னை விடமாட்டாங்க."

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஈரல்?"

"வான்மதிக்கு இருந்த மாதிரியேதான். நாளைக்குக் காலைல பம்ப் ஓடும்." லியாகத் குரலைத் தாழ்த்தினார். "ஒரே வழிதான் இருக்கு. சொல்ல வேணாம்னு இருந்தேன். அவ பண்ணது மோசடின்னு வாரிசு சொன்னா விசாரணையே கிடையாது. அவ பேர்ல இருக்கிற மொத்தமும் பூஜ்யம். அதுக்கு முந்தி இருந்த குறைஞ்ச அளவுக்கு பம்ப் போயிடும்."

"தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னா போதாதா?"

"அதை அவளே சொன்னாளே. யார் கேட்டா?"

அந்தப் பெண் பின்னலை முடித்து, கைக்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டாள். திருமாறன் நடைக்கூடத்தில் இருந்த பேசும் சுவரின் முன் போய் நின்றான்.

"டாக்டர் வான்மதியின் வாரிசு பேசுகிறேன். என் மனைவி தெரிந்தே பொய்க்கணக்கு எழுதினாள்."

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை லியாகத்திடமிருந்து ஒரு வரி வந்தது: 'பம்ப் குறைஞ்ச அளவுல ஓடுது.'

குக்கர் விசில் அடித்தது. சுவர் பேசவில்லை. இரண்டாவது விசிலும் அடித்தது.

"வான்மதி," என்றான்.

"அந்தப் பெயரில் ஆய்வாளர் யாரும் இல்லை," என்றது சுவர். "மோசடிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றபடி அடுப்பை அணைத்தான்.