சூசையப்பரின் இரண்டு இடது கைகள்

சூசையப்பரின் வலது கையை உடைத்தது நான்தான். இப்போது சுலபமாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. கோவிலுக்குள் சீரியல் பல்பு தொங்கவிட வந்த எலக்ட்ரீஷியன் நான். ஏணியை ஒரு திருப்புத் திருப்பினேன்... பின்னால் 'டொக்'. பக்கப் பீடத்தில் நின்ற சூசையப்பர் சுரூபத்தின் வலது கை, மணிக்கட்டோடு போய்த் தரையில் பொடியாகக் கிடந்தது. சூசையப்பர் ஒன்றும் சொல்லவில்லை. வேதாகமத்திலேயே அவர் வாய் திறக்கவில்லை, என்னிடமா திறக்கப் போகிறார்?

சுரூபங்களுக்கு வர்ணம் பூச வந்திருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். பக்க அறையில், அவள் மேசைமேல் ஒரு தட்டில், பழுதுபார்க்கக் கழற்றி வைத்த பிளாஸ்டர் கைகள் நாலைந்து. ஒன்றை எடுத்தேன், பசை தடவி ஒட்டினேன், தரையிலிருந்த பொடியைக் கூட்டித் தள்ளினேன், ஒன்றும் அறியாத பிள்ளையாக ஏணியில் ஏறிக்கொண்டேன்.

அவள் வந்தாள். அண்ணாந்து சுரூபத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி. கொட்டவும் கொட்டலாம், வெளுக்கவும் வெளுக்கலாம். என் கையிலிருந்த டெஸ்டர் நழுவியது.

"இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே." அதில் பொய்யில்லை. நான் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தேன்.

"சூசையப்பருக்கு ரெண்டும் இடது கையா இருக்கு. அதுவும் இது மாதாவோட கை. நேத்துதான் நகத்துக்கு ரோஸ் அடிச்சேன்."

"புருஷன் பொண்டாட்டிதானே... ஒருத்தர் கை இன்னொருத்தர்கிட்ட இருந்தா என்னங்க?"

சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டாள். நான் விழுந்தேன். ஏணியிலிருந்து அல்ல.

அதற்குள் அவளுடைய தாய்மாமா வந்துவிட்டார். திருவிழாக் குழுத் தலைவர். அவள் தனியாக எடுத்த முதல் வேலை இது, அவருடைய சிபாரிசில். இது நன்றாக முடிந்தால் சுவரிலிருக்கும் சிலுவைப்பாதைப் படங்கள் பதினாலையும் புதுப்பிக்கும் வேலை அவளுக்கு என்று பேச்சு.

"கண்ண எங்க வச்சுகிட்டு ஒட்டின? உன்ன நம்பிப் பதினாலு படத்தையும் குடுங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு ஃபாதர்கிட்ட கேப்பேன்? வேற ஆளப் பாத்துக்கறேன்."

"நான் ஒட்டல மாமா."

"அப்ப அதுவா வந்து ஒட்டிக்கிச்சா?"

என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தன; வாயும்தான்.

சாயங்காலம் மழை பிடித்தது. புதுக் கை செய்து பொருத்தியவள், "காயற வரைக்கும் அசையாம பிடிச்சுக்கறீங்களா?" என்றாள். இருபது நிமிடம் பிடித்தேன். வண்ணக் கண்ணாடி ஜன்னலில் மழை வழிய வழிய, அவள் கன்னத்தில் நீலம் ஓடியது... பிறகு சிவப்பு.

"நீங்க ரொம்ப நல்லவங்க," என்றாள்.

அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் எனக்கு அபாரமான யோசனை ஒன்று தோன்றியது. ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்தார். முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்குத் தெரிந்தால் மாமாவிடம் சொல்வார், அவள் தப்பிப்பாள், நானும் யார் முன்னாலும் நிற்க வேண்டாம்...

"அவங்க மாமாகிட்ட சொல்லிடுவீங்கல்ல ஃபாதர்?"

கம்பித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு பெருமூச்சு. "ஞானோபதேச வகுப்புல தூங்கினியா? இங்க கேட்டத நான் வெளிய மூச்சு விடக் கூடாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவும் கூடாது."

"அப்ப அவங்கள யாராவது திட்டினா?"

"கேட்டுகிட்டு சும்மா நிப்பேன். உன் புண்ணியத்துல."

அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளின் வாயையும் அடைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் குழு கூடியது. "படத்துக்கு வேற ஆள் பாத்தாச்சு ஃபாதர்," என்றார் மாமா. ஃபாதர் கூரையைப் பார்த்தார். அவள் தலை குனிந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்... துடைத்து முடித்த பிறகும்.

நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"ஒடச்சது நான். மறைக்கறதுக்காக ஒட்டினதும் நான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வலது இடது தெரியாத உன்னையா வயரத் தொட விட்டோம்?"

ஃபாதர் சிரித்தார். முந்தின நாளிலிருந்து பூட்டி வைத்த சிரிப்பு.

"படம் பதினாலும் எனக்குத்தானே மாமா?" என்றாள் அவள்.

"உனக்குத்தாம்மா. மாமா ஏதோ அவசரத்துல..."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவள் என்னைத் திரும்பியும் பாராமல் போனாள்.

திருவிழாப் பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது, கொல்லைக் குழாயடியில் வர்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோவமா?"

"தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"இந்தக் கிண்ணம் போகவே மாட்டேங்குது."

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. பாத்த நிமிஷமே கெட்ட பேர் வாங்க வேண்டாம்னுதான் பொய் சொன்னேன்... கடைசில அதையே வாங்கிட்டேன். என்னை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"

குழாயை மூடினாள். நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். நேராகப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கு. கோவம் இன்னும் ஒரு வாரம் இருக்கும், அது தனி. அது தீந்ததும் எங்க அம்மாகிட்ட வந்து பேசுங்க."