சைவ நாயும் பால்கோவாப் பூனையும்

இதனால் சகலமான பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1989-ஆம் வருஷம் சித்திரை மாதம், நல்ல நேரம் பார்த்து, இராஜபாளையத்தில் ஒரு நாய் சைவத்துக்கு மாறியது.

நாயைக் கேட்டு நடந்த மாற்றமல்ல. பேண்டேஜ் துணி ஃபாக்டரி முதலாளி ஐயாதுரை கறி மீனை விட்டார். விட்ட கையோடு ஜீவகாருண்ய சபைக்குத் தலைவரானார். தலைவர் வீட்டு வாசலில் எலும்பு கிடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அதுவரை டைகராக இருந்த வெள்ளை நாய் சாந்தமூர்த்தி ஆனது. காலையில் தயிர்ச்சாதம், ராத்திரி சாம்பார் சாதம், வெள்ளிக்கிழமை விரதம். ஐப்பசி வருவதற்குள் விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணலாம் என்றாகிவிட்டது. தவக்கோலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் சபையினர்.

இந்தத் தவசியைத்தான் ஒரு மழை நாளில், ஸ்ரீவில்லிபுத்தூரில், மாட்டு டாக்டர் மலைச்சாமி வீட்டு வராந்தாவில் செல்லக்கனி சந்தித்தாள்.

செல்லக்கனியின் மடியில் கூடை. கூடைக்குள் பொன்னி என்ற பூனை. அப்பா கருத்தையாவுக்குப் பால்கோவாக் கடை. சட்டியின் அடியில் சிவக்க ஒட்டும் சுரண்டலை எல்லாம் பொன்னிக்கே ஊட்டி வளர்த்தாள். அதனால் பொன்னி இப்போது நடப்பதில்லை. வைத்த இடத்தில் இருக்கும். அதைக் கூடைக்குள் இறக்கவே வறுத்த மீனைக் காட்ட வேண்டியிருந்தது. மிச்ச மீன் தூக்குச் சட்டியில், பக்கத்தில்.

துணிமூட்டை ஏற்றும் வேன் ஒன்று வந்து நின்றது. நாயோடு ஒருவன் இறங்கி ஓடிவந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது... இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது... அவள் அந்தத் துளியைப் பார்த்தாள். அவன் அவள் கண்களைப் பார்த்தான். மழைச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது...

அதற்குள் நாய் தூக்குச் சட்டிக்குள் தலையை விட்டு, உள்ளே இருந்த அத்தனையையும் தின்று முடித்திருந்தது.

அவன் முகம் வெளுத்தது. நாயின் வாயைப் பிளந்து, ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று உள்ளே பார்த்தான்.

"போச்சு... இது சைவங்க."

"எது?"

"நாய்."

செல்லக்கனி நாயைப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு சட்டியின் மூடியை நக்கிக்கொண்டிருந்தது.

"சைவம்னு அவியளே சொன்னாவளா?"

அவன் பெயர் ராஜரத்தினம், ஐயாதுரையின் ஒரே மகன். தவசிக்கு மயக்கம் வருகிறது என்பது உள்ளூரில் தெரியக் கூடாதென்றுதான் பக்கத்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். டாக்டர் இருவரிடமும் பாரபட்சம் காட்டவில்லை. சாம்பாரை ஊற்றி நாயைக் கொல்கிறாய் என்று அவனைத் திட்டினார். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கறி கொடுக்கச் சொன்னார். பிறகு பொன்னியை மேசையில் தூக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இது பூனையா தலையணையா என்று அவளைக் கேட்டார். இனிமேல் பால்கோவாவை அதன் கண்ணில்கூடக் காட்டக் கூடாதாம்.

ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்களைப் போல இருவரும் வெளியே வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க வீட்டுல கறின்னு வாயால சொல்லக் கூடாது," என்றான் அவன்.

"எங்க வீட்டுல வாரத்துக்கு மூணு நா அடுப்புல ஏறும். உப்பில்லாம நாலு துண்டு எடுத்து வைக்க எம்புட்டு நேரமாவும்?" என்றாள். சொன்ன பிறகுதான் தனக்கே திடுக்கென்றது. யாரென்று தெரியாத ஒருவனுக்கு... இல்லை, அவன் நாய்க்கு... என்ன இது?

நாய்க்கு ஊசி போடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தான். கடையின் பின்கட்டில் நாய்க்கு அவள் கறி வைத்தாள். அவனோ ஃபாக்டரியிலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் துணி நாடாவைத் தரையில் இழுத்து, பொன்னியைத் துரத்த வைத்தான். முதலில் பூனை கண்ணை மட்டும் அசைத்தது. போகப் போகக் காலையும் அசைத்தது. ஒரு நாள் கிண்டுகிற துடுப்பு பட்டு அவள் விரல் சிவந்தபோது அவனே கட்டுப் போட்டான். காயத்துக்கு வேண்டியதைப் போல நாலு மடங்கு துணி... சுற்றி முடிக்க அவனுக்கு மனமில்லை. போதும் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

கார்த்திகையில் அவன் ஒரு சேதியோடு வந்தான். சாந்தமூர்த்தி சதை போட்டு மினுமினுத்ததைப் பார்த்த சபை, இது சைவ உணவின் மகிமை என்று தீர்மானம் போட்டுவிட்டதாம். கல்யாண மண்டபத்தில் விழா. நாய்க்குப் பொன்னாடை. வருகிறவர்களுக்கெல்லாம் பால்கோவா, அதுவும் கருத்தையா கடையில்தான். சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான்.

அவள் அதிர்ந்துபோய் நின்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அப்பா மனசு சங்கடப்படும்..."

"நாய்க்கு வாயில்ல. ஒங்களுக்கு என்ன?" என்றாள். "நாய் கறி திங்குதுன்னு சொல்ல முடியாத ஆளு, என்னைப் பத்தி வீட்டுல என்னன்னு சொல்லுவிய? ஊசி போடுத நர்சுன்னா? இனிமே இந்தப் பக்கம் வராதிய."

அவன் வரவில்லை. சொன்னதைக் கேட்கிற ஆண்பிள்ளை மீது ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்கே தெரியாது.

விழா நாளில் தகர டின்னைப் பிடிக்க ஆள் வேண்டும் என்ற சாக்கில் அவளும் அப்பாவோடு வேனில் ஏறினாள். மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பேச்சாளர், பூர்வத்தில் சிங்கமும் புல்தான் தின்றது என்று நிரூபித்துவிட்டு உட்கார்ந்தார். செயலாளர் பொன்னாடையைப் பிரித்தார். ராஜரத்தினம் மைக்கைப் பிடித்தான். அவன் கண்கள் கூட்டத்தைத் துழாவி அவளிடம் வந்து நின்றன.

"அப்பா... அது கறி திங்குது. ஐப்பசியில இருந்து. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

பிரித்த பொன்னாடையோடு செயலாளர் அப்படியே நின்றார்.

"வேகவச்சுப் போட்டது அந்தா நிக்காவள்ல... பச்சைத் தாவணி. அவியளத்தான் கட்டிக்கிடணும்னு நெனைக்கேன். அவியகிட்ட இன்னும் கேக்கல."

கருத்தையாவின் கையிலிருந்த டின் நழுவியது. ஐயாதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் நாய் செத்தாலும் தொடாது என்று சபையறியச் சவால் விட்டு, எதிரே இருந்த புரோட்டாக் கடைக்கு ஆளனுப்பினார். காரம் தூக்கலான கோழி சால்னா இலையில் வந்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. சாந்தமூர்த்தி தலைவரைப் பார்த்தது, இலையைப் பார்த்தது. சால்னாவைத் தின்றது. பிறகு இலையைத் தின்றது.

ஐயாதுரை உட்கார்ந்துவிட்டார். வேறு உத்தரவு வராததால் செயலாளர் நாய்க்குப் பொன்னாடையைப் போர்த்தினார்.

"அப்போ... அது தேறுனது?" என்று கேட்டார் ஐயாதுரை.

"கறியிலதான்ப்பா."

அவர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகனைப் பார்க்காமல், "அந்தப் புள்ளையோட அப்பா யாருலே? கூப்பிடு, பேசுவோம்," என்றார்.

செல்லக்கனி எப்படி மேடையருகே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் மைக்கை விட்டு இறங்கி வந்தான்...

"கேக்கலைன்னு சொன்னியளே..." அவள் கண் நிறைந்திருந்தது. "கேளுங்க."

"என்னைக் கட்டிக்கிடுதியா?"

"ம்..."

அந்த ஒரு 'ம்'மில் மழையும் மண்டபமும் மனிதர்களும் கரைந்து போனார்கள்... அவன் கண்ணுக்குள் அவள் இருந்தாள். அவள் கண்ணுக்குள் அவன்...

நாய் பொன்னாடையில் வாந்தி எடுத்தது.