சீரான கொலுசு

காலில் ஈரம் பட்ட பிறகுதான் ஸ்ரீகாந்த் கண்ணைத் திறந்தான். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்திலிருந்து தண்ணீர் வழிந்து, கூடத்து சோபா வரை வந்து, அவன் தரையில் வைத்திருந்த விஸ்கி பாட்டிலைச் சுற்றி நின்றது. அங்கே தண்ணீர் பிடிக்கும் ட்ரம் நிரம்ப நிரம்பக் குழாய்ச் சத்தம் மாறும். எத்தனை அசந்து தூங்கினாலும் அது அவனை எழுப்பிவிடும். இன்று எழுப்பவில்லை.

மகளின் கொலுசு மட்டும் கேட்டது. ஜல். ஜல். நல்லவேளை, விளையாடுகிறாள்.

மத்தியானம் டூட்டிக்குக் கிளம்பும்போதே மனைவி சௌம்யா சொல்லியிருந்தாள். "ஏங்க, நாலு மணிக்குத் தண்ணி வரும். தேஜுவத் தனியா விட்டுப்போடாதீங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் குடிக்காம இருங்க."

"அதான் கொலுசு போட்டிருக்காள்ல? சத்தம் நின்னா என் காதே சொல்லிப்போடும். நான் பண்ற வேலையே அதுதானே."

வேலை அதுதான். தார்நாகாவில் இருக்கும் மூளை ஆய்வகத்தில் ஆட்களின் தலையில் கம்பிகளை ஒட்டி, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டு, நடுவில் ஒன்றை மட்டும் மாற்றுவான். ஆள் கவனிக்காவிட்டாலும் மூளை திடுக்கிடும். குடித்தவனின் மூளை அவ்வளவாகத் திடுக்கிடாது. இதைக் கட்டுரையாகவே எழுதியவன் அவன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

"தேஜு?"

ஜல். ஜல்.

தண்ணீர் வந்ததும் அவள் ஓடி வந்து சட்டையை இழுத்தது நினைவுக்கு வந்தது. "நானா, நீள்ளு," என்றாள். கிரெச்சில் பழகிய தெலுங்கில், அப்பா, தண்ணீர் என்றாள். அவன் கண்ணைத் திறக்காமல் "ம்" என்றான். அது எப்போது?

படுக்கையறையில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. சத்தம் மட்டும் அதே தூரத்தில், அதே இடைவெளியில். அவன் நின்று கேட்டான். மூன்று வயதுக் குழந்தை ஓடும், நிற்கும், குதிக்கும். இப்படி அளந்து அளந்து நடக்காது.

துணி துவைக்கும் இடம். சோப்புத்தூள் வாசனை. கவிழ்ந்து கிடந்த குட்டி ஸ்டூல்.

ட்ரம்மின் விளிம்பில் ஒரு சின்னப் பாதம். அதில் கொலுசு. அசையவில்லை.

ஜல்.

அவனுக்குப் பின்னால். கூடத்தில். அதே இடைவெளி.

சத்தம் நின்றுபோனதை அவன் காது இன்னும் சொல்லவில்லை.

ஜல்.