வலது கண்ணில் கறுப்புத் துணி

செத்துக் கிடந்தவரின் வலது கண் கட்டப்பட்டிருந்தது.

கறுப்புத் துணி. தலையைச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சு. திறந்திருந்த இடது கண் மட்டும் மேலே அகல இலை பீச் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஹெம்மா குனிந்தாள்.

மார்பில் ஒரே குண்டு. இரண்டடி தள்ளி வேட்டைப் பரணின் ஏணி. ஏணியடியில் ஒரு துப்பாக்கி.

இறந்தவர் ஓட்டோகர். ஐம்பத்தொன்பது வயது. அபூர்வத் துப்பாக்கிகளை வாங்குவதில் கரிந்தியா மலைப்பக்கம் முழுக்கப் பேர் போனவர். மூன்று குழல், நான்கு குழல், கைத்தடிக்குள் ஒளிந்திருக்கும் குழல்... எது வினோதமோ அது அவருக்கு வேண்டும். 'மான் சுட ஒண்ணு போதும். மத்ததெல்லாம் தூக்கம் வராதப்போ எடுத்துப் பார்க்க' என்பார். சிரித்த முகம். இப்போதுகூட உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது.

"ஆக்ஸிடென்ட்தான் மேடம்," என்றார் கான்ஸ்டபிள் ஃபெர்டினாண்ட். கிராஸ் நகரத்து ஆசாமி. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. இறைச்சியைத் தொட மாட்டார், வேட்டைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. "ஏணியில ஏறும்போது கால் வழுக்கியிருக்கு. துப்பாக்கி விழுந்து வெடிச்சிருக்கு."

"கண்ணைக் கட்டிக்கிட்டா ஏணி ஏறுவாங்க?"

"காசு இருக்கறவங்க எதைக் கட்டிக்கிட்டும் ஏறுவாங்க மேடம்."

விபத்தாகவே இருக்கட்டும் என்றுதான் ஹெம்மாவும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. விபத்து இல்லையென்றால் கொலை. கொலையென்றால் ஊர் முழுக்க ஒரே ஒரு ஆளைத்தான் கை காட்டும். போன சனிக்கிழமை மதுக்கடையில் நாற்பது பேர் பார்க்க ஓட்டோகரின் சட்டையைப் பிடித்தவர். வாலன்டின்.

ஹெம்மாவின் தாய்மாமா. அப்பா போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர்.

சண்டை இந்தத் துப்பாக்கிக்காகத்தான்.

தோளில் வைக்கிற அதன் மரக்கட்டை நேராக இல்லை. பக்கவாட்டில் வளைந்து நெளிந்து போயிற்று. பார்ப்பவர்கள் வெயிலில் வைத்துக் கோணிப்போனது என்று நினைப்பார்கள். ஆனால் காரணத்தோடு வளைத்தது. வலது தோளில் வைத்தால் குழல் நேராக இடது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் வலது கண்ணைப் பறிகொடுத்த எவனோ ஒரு வேட்டைக்காரனுக்காகச் செய்தது. இதுபோல இன்னொன்றை ஹெம்மா பார்த்ததே இல்லை.

வாலன்டினுக்கும் வலது கண் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன் விறகு பிளக்கும்போது தெறித்த சிம்பு. இடது தோளில் வைத்துச் சுடப் பழகினார். ஒரு பெண்மான் அரைகுறைக் காயத்தோடு ஓடி, ரெண்டு நாள் கழித்துச் செத்துக் கிடைத்தது. அன்றைக்குத் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்தான். அதுவரை அவரும் ஓட்டோகரும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போவார்கள்.

ஏல அட்டவணையில் இந்தத் துப்பாக்கியை முதலில் பார்த்தவரும் அவர்தான். படத்தைக் கொண்டுபோய் ஓட்டோகரிடம் ஆசையாகக் காட்டினார். ஓட்டோகர் சத்தமில்லாமல் போய் வாங்கிவிட்டார்.

ரெண்டு கண்ணும் நன்றாக இருக்கிற மனுஷன்... அவருக்கு எதற்கு அது?

ஹெம்மா பெருமூச்சு விட்டுச் சடலத்தை மறுபடி பார்த்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

மார்பின் இடது பக்கம், ரத்தத்தை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்கு ஊசியிலைக் கொத்து.

"இது என்ன?"

"மரத்துலேர்ந்து விழுந்திருக்கும்."

"மேல பாருங்க. அத்தனையும் பீச். ஊசியிலை மரம் ஓடைக்கு அந்தப் பக்கம்தான்."

"அப்போ காத்துல வந்திருக்கும்."

"காத்து, ஒடிச்ச முனையை முகத்துப் பக்கமாத் திருப்பியா வைக்கும்?"

ஃபெர்டினாண்ட் உதட்டைப் பிதுக்கினார். அவருக்குப் புரியாது. இந்த மலையில் பிறந்தவர்களுக்குப் புரியும். கலைமான் விழுந்ததும் வேட்டைக்காரன் முதலில் செய்கிற காரியம், ஒரு கொத்தை ஒடித்து அதன் இடது விலாவில் வைப்பது. ஒடிந்த முனை தலைப்பக்கம். உயிரை எடுத்துக்கொண்டதற்கு மரியாதை. அதே கொத்தில் ஒரு துண்டை ஒடித்துத் தன் தொப்பியில் வலது பக்கம் செருகிக்கொள்வான். கையால்தான் ஒடிக்க வேண்டும். கத்தி படக் கூடாது.

பகையாளி இதை வைத்திருக்க மாட்டான். வேட்டை தெரியாதவனுக்கு வைக்கத் தெரியாது.

கொன்றவன் வேட்டைக்காரன். ஓட்டோகர் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

ஹெம்மாவுக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருந்தார்.

கிளாகன்ஃபுர்ட் நகரத்திலிருந்து பெரிய அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். இப்போது மணி ஏழரை. இந்தக் கொத்து இல்லையென்றால் இது வெறும் விபத்து. மாமா வீட்டில் இருப்பார், காபி குடிப்பார், கிழவராகிச் சாவார்.

அவள் கை தானாக நீண்டது. கொத்து கோட்டுப் பைக்குள் போயிற்று.

"அதை ஏன் மேடம் எடுக்கறீங்க?"

"குப்பை."

பதினாலு வருஷ வேலையில் அவள் சொன்ன முதல் பொய். சொல்லி முடித்த கணமே செல்போன் அடித்தது.

"ஹெம்மா, நான் ட்ராவுடி." ஓட்டோகரின் மனைவி. "இவர் விடியறதுக்கு முன்னாடி போனவரு, இன்னும் காணோம். ஃபோனையும் எடுக்கலை. உன் மாமா வேற வந்து உக்காந்திருக்காரு. சனிக்கிழமை பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கணுமாம்..."

"இருங்க அத்தை. நான் வரேன்."

சமையலறை பெஞ்சில் வாலன்டின் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். கை அதை உருட்டிக்கொண்டே இருந்தது.

ஹெம்மா ட்ராவுடியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ட்ராவுடி அழவில்லை. அடுப்பை அணைத்தாள். பிறகு நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நல்லவேளை, இருந்தது.

"ஐயோ..." என்றார் வாலன்டின். "எப்படிம்மா? எங்கே?"

ஹெம்மா அவர் மடியிலிருந்த தொப்பியையே பார்த்தாள்.

பச்சைக் கொத்து. புதுசு. இடது பக்கம்.

"மாமா. கொத்து ஏன் இடது பக்கம் இருக்கு?"

"எது?"

"வேட்டைக்குன்னா வலது பக்கம். இடது பக்கம் செருகறது சாவுக்கு மட்டும்தான். அவர் செத்ததை நான் இப்பத்தானே சொன்னேன். நீங்க யாருக்குத் துக்கம் காத்துக்கிட்டு வந்தீங்க?"

ஒற்றைக் கண் அவளை ஏறிட்டுப் பார்த்தது. தாழ்ந்தது.

அவள் பையிலிருந்து கொத்தை எடுத்தாள். தொப்பியிலிருந்ததை உருவினாள். ரெண்டு முனையையும் சேர்த்தாள்.

சிம்பு சிம்பாக ஒடிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பொருந்தின.

"கத்தியால வெட்டியிருந்தா பொருந்தியிருக்காது மாமா."

"கத்தியாலயா?" அவர் குரலில் நிஜமான கோபம். "ஓட்டோகருக்கா? அவன் என்ன முட்டைக்கோஸா?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தோள் இரண்டும் சரிந்தன.

"மன்னிப்புக் கேக்கத்தான் போனேன் ஹெம்மா. பரண் பக்கம் இருப்பான்னு தெரியும். அங்கே... கறுப்புத் துணியால வலது கண்ணைக் கட்டிக்கிட்டு நிக்கறான். அந்தத் துப்பாக்கியை வெச்சு மரத்தைக் குறி பார்க்கறான். என்னை மாதிரி. என்னை மாதிரியே தலையைச் சாய்ச்சுக்கிட்டு."

"அவர் உங்களைப் பார்த்தாரா?"

"பார்த்தான். சிரிச்சான். 'ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுடா குருடா'ன்னான். துப்பாக்கியை ஏணியில சாய்ச்சுட்டு எனக்கும் டீ ஊத்தத் திரும்பினான். நான் அதை எடுத்தேன். எடுத்துப் பார்க்கத்தான் எடுத்தேன். தோள்ல வெச்சேன். பத்து வருஷத்துக்கப்புறம் குறி தானா வந்து என் கண்ணுல நின்னுச்சு ஹெம்மா. தேடவே வேண்டியிருக்கலை. அந்தக் குறிக்கு நேரா அவன்... கண்ணைக் கட்டிக்கிட்டு, கையில டம்ளரோட, சிரிச்சுக்கிட்டு."

ட்ராவுடி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"விரல் எப்போ அமுக்குச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அமுக்கினது என் விரல்தான். டம்ளரை எடுத்துட்டு, துப்பாக்கியை ஏணிக்கடியில போட்டேன். அப்புறம் அவனை அப்படியே விட்டுட்டு வர மனசு வரலை. ஓடையைத் தாண்டிப் போய் கொத்து ஒடிச்சுட்டு வந்தேன்."

"ஞாயித்துக்கிழமை என்ன நாள்?"

கேட்டது ட்ராவுடி. குரலில் உயிரே இல்லை.

வாலன்டின் விழித்தார்.

"உங்க பிறந்த நாள்," என்றாள் அவள். "அறுபது."

எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளித் தகடு. துப்பாக்கிக் கட்டையில் பதிக்கிற தகடு.

"ஃபெர்லாக் ஊர்ல எழுத்து வெட்டக் குடுத்திருந்தாரு. நேத்து சாயங்காலம்தான் வந்தது."

ஹெம்மா படித்தாள். 'வாலன்டினுக்கு. பத்து வருஷம் தனியாக வேட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். நன்றாகவே இல்லை. — ஓட்டோகர்.'

"நேரா அடிக்குதான்னு தெரியாம குடுக்க மாட்டேன்னாரு," என்றாள் ட்ராவுடி. "ரெண்டு கண்ணால பார்த்தா சரியாத் தெரியாதாம். வாலன்டின் பார்க்கற மாதிரியே பார்க்கணும்னு... என் கறுப்புத் துணியைத்தான் வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனாரு. அடுத்தவன் குறையைக் கிண்டல் பண்ணத் தெரிஞ்ச மனுஷனா அவரு?"

வாலன்டின் தகட்டை எடுத்து, ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். எழுத்து கலங்கியிருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

தகட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கொத்து உன் பையிலயா இருந்துச்சு?" என்றார்.

"ஆமா மாமா."

"எனக்காகவா?"

ஆமாம் என்று ஹெம்மா தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை.

"தப்பும்மா. சாட்சியம்னு சீட்டு எழுதி ஒட்டு. ரெண்டையும் சேர்த்து ஒரே கவர்ல போடு."

பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். வளைந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஆக, இந்தக் கோணல் துப்பாக்கி மேல ஆசைப்பட்டு ஒரு கொலை. அடுத்தவன் பொருள் மேல கண்ணு வெச்சா இப்படித்தான்."

"அடுத்தவன் பொருள் இல்ல சார்," என்றாள் ஹெம்மா. "மாமாவோடதேதான். டெலிவரிதான் ஞாயித்துக்கிழமை."