இரண்டு தட்டு

இருக்கைகளைக் கழற்றி வெளியே போட்டு மூன்று நாளாகியும், பேருந்துக்குள் இருந்த அந்த வாடை மட்டும் போகவில்லை. டிரைவர் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார், பினாயில் தெளித்தார், ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தார். காலையில் மட்டுப்படும், பிறகு பள்ளி விடும் நேரமான சரியாக நாலு மணிக்கு, ஈரக் காலுறையும் பென்சில் சீவலும் மூடிவைத்த டிபன் டப்பாவும் கலந்த வாடையாக மறுபடி வந்து குந்திக்கொள்ளும்.

பழைய வண்டி என்றால் நாறத்தானே செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பதினெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பார்வை மங்கிவிட்டது என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இன்ஜின் பிடுங்கப்பட்டுக் காயலான் கடையில் கிடந்த இந்தப் பள்ளிப் பேருந்துக் கூட்டை வாங்கி, காலி மனையில் நிறுத்தி, சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று மனைவியிடம் ஜம்பமாகச் சொன்னபோது அவளும் சிரித்தாள். வாடகை வீட்டின் சாவியை இன்று காலை கொடுத்தாகிவிட்டது. இனி இதுதான் வீடு.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல்களை அடைத்துவிட்டு இறங்கியவரை மனைவி நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தக் கண்ணாடியப் பாருங்க."

ஒவ்வொரு கண்ணாடியிலும், உள்பக்கம், மூச்சுப் படிந்த சின்ன வட்டம். ஒரு குழந்தை முகம் வைக்கும் உயரத்தில்.

"பாப்பா ஊதி விளையாடியிருக்கும்."

"பாப்பா காலைலேர்ந்து என் முந்தானைய விடவே இல்ல. வேணாங்க, வேற எங்கயாவது போயிடலாம்."

"எங்க போறது? சொல்லு! ரோட்டுலயா படுக்கறது?"

அவள் மகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, தெருமுனையில் இறக்கிவைத்த மீதி மூட்டையை எடுத்துவரத் திரும்பி நடந்தாள். கத்தியதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. பயத்தில் கத்தினோம் என்பதும் தெரிந்தே இருந்தது.

கடைசி வரிசை இருந்த இடத்தில் அவர் அடித்திருந்த பலகைக் கட்டிலில் பாப்பாவை உட்காரவைத்தார். அவள் காலை மடக்கி, ஓரமாக ஒண்டிக்கொண்டாள்.

"நல்லா நகந்து உக்காரும்மா."

"இடம் இல்லப்பா."

"இவ்ளோ பெரிய வண்டில இடம் இல்லியா?"

"நீங்கதான் சீட்டெல்லாம் எடுத்துட்டீங்கல்ல. எல்லாரும் நிக்கிறாங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கு மேலே ஒழுகியது. அதை அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும், இந்த ஒரு ராத்திரி கழிந்துவிடும் என்று நினைத்தபடி, தகரத்தையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்தினார், பாப்பா நனையாமல் இருக்க. பின்பக்க ஏணியில் ஏறினார். தகரம் வைத்தார். ஆணி அடித்தார். ஒழுக்கு நின்றது.

இறங்கினார். அப்பாடா என்று இருந்தது. வேலை முடிந்த நிம்மதியில், வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார்.

இரண்டு தட்டு.

தட்டிய பிறகுதான் உறைத்தது. பதினெட்டு வருஷம், பிள்ளைகளெல்லாம் ஏறியதும் பின்னாலிருந்து உதவியாள் தட்டும் தட்டு அது. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால், எல்லாரும் ஏறியாச்சு, போகலாம்.

செங்கல் நொறுங்கியது.

இன்ஜின் இல்லை. சத்தமும் இல்லை. சக்கரம் உருண்டது.

"பாப்பா!"

ஓடினார். கதவைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. சேற்றில் விழுந்தார். எழுந்து ஓடினார். கையை ஓங்கி, பலங்கொண்ட மட்டும், வண்டியின் பக்கவாட்டில் அறைந்தார்.

ஒரு தட்டு.

வண்டி நின்றது.

பின் கண்ணாடியில் பாப்பாவின் முகம். அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் கண்ணாடியில் மூச்சு வட்டங்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. அவர் கண்ணாடியை உடைக்கச் சுத்தியலை ஓங்கினார்.

உள்ளேயிருந்து, வண்டியின் இரண்டு பக்கமும், சின்னச் சின்னக் கைகள், எல்லாம் ஒரே நேரத்தில், இரண்டு முறை தட்டின.