தையல்காரரின் இழுப்பறை

இழுப்பறையில் சோற்றைக் காணவில்லை. தையல்காரருக்கு அதுதான் உறுத்தியது. நேற்று மனைவி சமையலறைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மென்ற கவளத்தையெல்லாம் வெட்டுத்துணியில் துப்பிச் சுருட்டி, மெஷினின் அந்த ஒரு சாண் இழுப்பறைக்குள்தானே திணித்தார்? துணி இருக்கிறது, துவைத்துப் போட்டது மாதிரி. ஒரு பருக்கைகூட இல்லை. எலியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

தொண்டை அடைத்துப்போய் மாசக்கணக்காகிறது. தண்ணீர்கூடப் பாதி இறங்கும், பாதி மூக்கில் ஏறும். சம்பந்தி வீட்டு விருந்தில் அப்படித்தான் புரையேறி, எதிரே இருந்தவர் சட்டையெல்லாம் தெறித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐயோ, அந்த முகம்! அங்கேயே செத்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு. அதற்கப்புறம் மனைவியிடம், "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று தட்டை மெஷினுக்கே வரவழைத்துக்கொண்டார்.

"இப்பல்லாம் தட்டைக் கழுவவே வேணாம் போலிருக்கு," என்று அவள் சிரிப்பாள். "தின்னதெல்லாம் எங்கதான் போகுதோ, சட்டை தொளதொளன்னு தொங்குது."

இன்றும் அப்படியே. மழைக்கு முந்திய இருட்டு, மெஷின் எண்ணெய் வாடை, அதற்கும் அடியில் கழுவாத வாயின் புளிச்ச வாடை. சுருட்டி உள்ளே வைத்து மூடினார்.

மடக்.

அவர் விழுங்கவில்லை.

மறுபடியும். நிதானமாக, ருசித்து. மடக். முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து. இழுப்பறைப் பலகையைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏங்க, பட்டன் அறுந்துடுச்சு. கறுப்பு நூல் இதுலதானே இருக்கு?" மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்பாள். துப்பினதெல்லாம் தெரிந்து மானம் கப்பலேறிவிடும். ஒரு மூச்சு நேரம் தயங்கினார். அப்புறம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். புரையேறியது. இருமல். குரல் வரவில்லை.

"மெதுவா சாப்பிடுங்கன்னா கேக்குறீங்களா?" அவரைப் பார்த்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள். "என்னங்க இது, ஈரமா..."

ஒரு சாண் இழுப்பறை. மணிக்கட்டு உள்ளே போனது.

மடக்.

முழங்கை.

அவளுடைய மற்றக் கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அவள் வாயும் திறந்துதான் இருந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் அவர் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

மடக்.

தோள்.